பெரியம்மாவின் குதிக்காலும் ஒன்பது பேர் இருந்த மேசையும்

அந்தத் தாளை நான் முதன்முதலில் பார்த்தது 2018 டிசம்பரில், இங்கிலாந்தில் எங்கள் பகுதிக் கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி மன்றத்தின், அலுவலகத்தில் ஒரு சிறிய கூட்ட அறையில். ஒரு நாளின் 24 மணித்தியாலங்களும் இரண்டிரண்டு மணித்தியாலக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும், படுக்கைப் புண் வராதிருக்க என் பெரியம்மாவை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தார்கள் என்பதும், திருப்பியவரின் சுருக்கொப்பமும் இருந்தன. 12 மணி, இடப்பக்கம். 2 மணி, முதுகு. 4 மணி, வலப்பக்கம். 6 மணி, மீண்டும் இடப்பக்கம். எல்லாம் ஒரே நீல மையில், ஒரே சாய்வான கையெழுத்தில், ஒரு கட்டம்கூட வெறுமையில்லாமல் நிரப்பப்பட்டிருந்தன. திகதியைப் பார்த்தேன். அன்று முற்பகல் 11.45க்கு அம்புலன்ஸ் வந்து பெரியம்மாவை ஏற்றிச் சென்றிருந்தது. இரவு 10 மணிவரை நான் வைத்தியசாலையின் அவசரப் பிரிவில் அவருடைய தள்ளுகட்டிலின் அருகே நின்றிருந்தேன். தாளின்படியோ, அந்த நேரமெல்லாம் அவர் பராமரிப்பு இல்லத்தில் தன் கட்டிலில் ஒழுங்காகத் திருப்பப்பட்டுக்கொண்டிருந்தார்.

அந்தத் தாள் பொய் என்பது தெரியவந்ததற்கு ஒரே காரணம், வைத்தியசாலையின் பதிவும் இல்லத்தின் பதிவும் அன்று ஒரே மேசையில் வைக்கப்பட்டதுதான். தனித்தனியே பார்த்தால் இரண்டும் குறையற்ற ஆவணங்கள். பராமரிப்புத் தேவைப்படும் பெரியவர்களைத் துன்புறுத்தலிலிருந்தும் புறக்கணிப்பிலிருந்தும் காக்க இங்கிலாந்தில் இருக்கும், வயதுவந்தோர் பாதுகாப்பு என்று அழைக்கப்படும் ஏற்பாட்டில் பொறுப்புக்கூறல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். அதன்பின் எங்கள் பகுதியின் வயதுவந்தோர் பாதுகாப்புச் சபையின் ஓர் உபகுழுவில் குடும்பத்தவர்களின் சார்பில் உறுப்பினராகச் சேர்ந்து, சில ஆண்டுகளாக அந்த மேசையின் மறுபக்கத்திலும் இருந்து வருகிறேன். வயதான பெற்றோரையும் உறவினரையும் இந்த நாட்டின் பராமரிப்பில் விட்டிருக்கும் எம்மவர்களுக்குப் பயன்படும் என்று நம்பியே இதை எழுதுகிறேன். இல்லத்தின் பெயரையும் பகுதியின் பெயரையும் எழுதப்போவதில்லை.

பெரியம்மாவுக்கு அப்போது 81 வயது. யாழ்ப்பாணத்திலிருந்து 1980களில் வந்தவர். லண்டனில் ஒரு சலவைத் தொழிற்கூடத்தில் பல ஆண்டுகள் வேலை செய்து, அதற்கு வேண்டிய அளவு ஆங்கிலமும் பேசியவர். மறதிநோய் முற்றியபோது முதலில் அவரைவிட்டுப் போனது அந்த ஆங்கிலம்தான். பிற்காலத்தில் கற்ற மொழி மங்கிப்போய், பிள்ளைப் பருவத்து மொழி மட்டும் எஞ்சுவது இந்நோயில் பலருக்கும் நேர்வது. இல்லத்தின் பராமரிப்புத் திட்டத்தில் அவரைப் ‘பேச்சற்றவர்’ என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லால் குறித்திருந்தார்கள். நாள் முழுவதும் தமிழில் பேசிக்கொண்டிருந்த மனிதரைப் பற்றி அப்படி எழுதியிருந்தார்கள். கால் எரிகிறது என்று அவர் எத்தனை நாட்கள் சொல்லியிருப்பார் என்பதை இனி எவராலும் அறிய முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடமும் சொன்னார். நான் போர்வையைச் சரிசெய்துவிட்டு, பணியாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேனே தவிர, காலுறையைக் கழற்றிப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

காலுறையைக் கழற்றியது வைத்தியசாலைத் தாதி ஒருவர். அது புண்ணோடு ஒட்டியிருந்ததால், உப்புநீரில் நனைத்த துணியை வைத்து வைத்து, கால் மணித்தியாலம் செலவழித்து மெதுவாகப் பிரித்தெடுத்தார். குதிக்காலில் 50 பென்ஸ் நாணயத்தின் அளவில் ஒரு புண் இருந்தது. நடுவில் கறுத்து, ஓரம் மஞ்சளாக இருந்தது. படுக்கைப் புண்களை அவற்றின் ஆழத்தைக் கொண்டு 1 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள். இதில் இறந்த சதை மூடியிருந்ததால் அன்று ஆழத்தை அளக்கவே முடியவில்லை. “இதைப் பற்றி நான் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும், உங்களுக்குச் சம்மதம்தானே?” என்று அந்தத் தாதி கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் என்ன அறிவிக்கிறார், அது எங்கே போகும் என்பது எதுவும் எனக்கு அப்போது தெரியாது.

அன்றிரவு ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுக்கு, அதாவது பெரியம்மாவின் மகனுக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். “நீ ஒண்டும் கதைக்காதை. பிறகு அவையள் அம்மாவைக் கவனமாப் பாக்க மாட்டினம்” என்றார். அது கோழைத்தனம் அல்ல. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்து தாயை வேற்றாரின் கையில் விட்டிருக்கும் ஒருவரின் பயம். தாயை இல்லத்தில் சேர்த்ததையே குற்றமாகப் பேசும் எங்கள் சனத்தின் நடுவில், அங்கு நடந்த குறையை வெளியே சொல்வது இரண்டாவது தலைகுனிவாகத் தோன்றுகிறது. இந்தப் பயமும் வெட்கமும் சேர்ந்தே எத்தனையோ விடயங்களை மூடிவைத்திருக்கின்றன என்பதைப் பின்னர் கண்டேன். அண்ணாவைச் சம்மதிக்க வைக்க எனக்கு நான்கு நாட்கள் எடுத்தன.

தாதி செய்தது, 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் ஒரு பாதுகாப்பு அறிவித்தல். 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, தன் பகுதியில் உள்ள ஒருவருக்குப் பராமரிப்பும் ஆதரவும் தேவைப்பட்டு, அவர் துன்புறுத்தலுக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகி, அல்லது ஆளாகக்கூடிய நிலையில் இருந்து, அந்தத் தேவைகளின் காரணமாகவே தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவராகவும் இருக்கிறார் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், விசாரிக்கும் கடமையைக் கவுன்சிலின் மீது சுமத்துகிறது. பராமரிப்புக்குப் பணம் கொடுப்பவர் யார் என்பது இங்கே பொருட்டல்ல. ஆனால் இது முறைப்பாடு அன்று. முறைப்பாடு நடந்துபோனதற்கு விளக்கமும் பரிகாரமும் கேட்பது. பாதுகாப்பு அறிவித்தல் இப்போது இருக்கும் ஆபத்தை நீக்கக் கேட்பது. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதியதால் நான் முதலில் ஆறு வாரங்களை இழந்தேன். கடிதம் முறைப்பாட்டுப் பிரிவுக்குப் போய், அங்கே ஒரு வரிசையில் காத்துக்கிடந்தது.

விசாரணையைக் கவுன்சில் தானே நடத்தலாம், அல்லது வேறொருவரை நடத்தச் செய்யலாம். எங்கள் விடயத்தில் இல்லத்தையே விசாரித்து அறிக்கை தரும்படி கேட்டார்கள். சட்டம் இதற்கு இடம் தருகிறது. தன் ஊழியரைப் பற்றி முதலில் ஆராய வேண்டியவர் வேலை கொடுப்பவரே என்பதும், நலன் முரண்பாடு பெரிதாக இருந்தால் அவரிடம் விடக்கூடாது என்பதும் அரசின் வழிகாட்டலில் உள்ளவை. எப்படியாயினும் அந்த அறிக்கை போதுமானதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு கவுன்சிலைவிட்டு நீங்குவதில்லை. இல்லத்தின் அறிக்கை மூன்று பக்கங்களில் வந்தது. திருப்பும் பதிவுத்தாள்கள் முழுமையாக நிரப்பப்பட்டிருப்பதால் குறை எதுவும் இல்லை என்று முடித்திருந்தார்கள். அதை ஏற்று விடயத்தை மூடும் நிலையில் இருந்த கவுன்சிலிடம், எங்கள் சமூகப் பணியாளர் ஒரு வாரம் அவகாசம் கேட்டு, எல்லாரையும் ஓர் அறைக்கு அழைத்தார். சட்டம் அவரை அந்தக் கூட்டத்தை நடத்தும்படி கட்டாயப்படுத்தவில்லை. அவரது நிதானத்துக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

அந்த மேசையைச் சுற்றி ஒன்பது பேர் இருந்தோம். சமூகப் பணியாளரும் அவருடைய மேலாளரும், இல்லத்தின் முகாமையாளர், வீடுகளுக்கும் இல்லங்களுக்கும் வந்து புண்களுக்கு மருந்து கட்டும் சமூகத் தாதியர் குழுவின் தலைவி, வைத்தியசாலையின் காயப் பராமரிப்புத் தாதி, கவுன்சிலின் ஒப்பந்தக் கண்காணிப்பாளர், சுகாதார சேவையின் உள்ளூர் நிதிப் பிரிவிலிருந்து ஒருவர், உரைபெயர்ப்பாளர், நான். குடும்ப வைத்தியர் கடிதம் அனுப்பியிருந்தார். சமூகப் பணியாளர் வெண்பலகையில் இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்து, ஒவ்வொருவரையும் தம் பதிவில் உள்ளதைத் திகதிப்படி சொல்லச் சொன்னார்.

பலகை நிரம்ப நிரம்ப அறையில் பேச்சுக் குறைந்துபோனது. குடும்ப வைத்தியர் செப்டம்பரிலேயே எடைக்குறைவைப் பதிந்து, சத்துப்பானம் எழுதிக் கொடுத்திருந்தார். சமூகத் தாதி ஒக்டோபர் நடுப்பகுதியில் குதிக்கால் சிவந்திருப்பதைக் கண்டு, காற்றழுத்த மெத்தை ஒன்றுக்குக் கோரிக்கை அனுப்பியிருந்தார். மெத்தை இரண்டாம் நாளே இல்லத்தின் வாசலுக்கு வந்தது. கையெழுத்திட்டுப் பெற ஆள் இல்லாததால் சாரதி அதைத் திருப்பிக் கொண்டுபோனார். கோரிக்கை மீண்டும் வரிசையின் கடைசிக்குப் போனது. தாதிக்கு எவரும் அறிவிக்கவில்லை. மெத்தை கொடுக்கப்பட்டுவிட்டது என்றே அவர் எழுதி வைத்திருந்தார். அது உண்மையில் கட்டிலுக்கு வந்தது 11 நாட்கள் கழித்து. கண்காணிப்பாளரின் ஓகஸ்ட் மாதக் குறிப்பில், இரவில் 30 பேருக்கு இரண்டு பணியாளர்களே இருப்பதாகவும் இது கவலைக்குரியது என்றும் இருந்தது. அந்தக் குறிப்பு ஒப்பந்தக் கோப்பைவிட்டு வெளியே போகவில்லை. இல்லத்தின் வாசலில் தொங்கியதோ, இல்லங்களைப் பரிசோதித்துத் தரமிடும் பராமரிப்புத் தர ஆணைக்குழு முந்தைய ஆண்டு வழங்கிய ‘நன்று’ என்ற சான்று.

இப்படி ஒவ்வோர் அலுவலகமும் தன் கடமையைத் தன் ஏட்டில் செய்து முடித்திருந்தது. எடைக்குறைவு, சிவந்த குதிக்கால், வராத மெத்தை, ஆளில்லாத இரவு ஆகிய நான்கையும் ஒருசேர அறிந்த ஒருவராவது இருந்திருந்தால், புண் வருவதற்கு முன்பே எவரும் அதை ஊகித்திருப்பார்கள்.

நீல மைக் கட்டங்களை நிரப்பிய பணியாளர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தையும் அன்று வாசித்தார்கள். வேலைநேரம் முடியும்போது அன்றைய தாள்களை எல்லாம் மொத்தமாக நிரப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம் என்றும், வெறுமையான கட்டம் இருந்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றும், அன்று பெரியம்மா வைத்தியசாலைக்குப் போனது தனக்குத் தெரியாது என்றும் எழுதியிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பதிவு நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து, காலைப் பாராத ஒரு மேற்பார்வையே அவருக்கு அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருந்தது. புறக்கணிப்பு நடந்தது என்று விசாரணை முடிவு செய்தது. பதிவுத்தாள் வைக்கப்பட்டிருந்த ஏனையோரையும் தாதியர் நேரில் பரிசோதித்ததில் மேலும் இருவருக்குத் தொடக்கநிலைப் புண்கள் இருப்பது தெரியவந்தது. இரவுப் பணியாளர் எண்ணிக்கை கூடும்வரை அந்த இல்லத்துக்குப் புதியவர்களை அனுப்புவதைக் கவுன்சில் நிறுத்திவைத்தது.

அந்தக் கூட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. பாதிக்கப்பட்டவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்க வேண்டும் என்பது வயதுவந்தோர் பாதுகாப்பின் அடிப்படை நெறி. சமூகப் பணியாளர் முன்னரே உரைபெயர்ப்பாளருடன் வைத்தியசாலைக்குச் சென்று பெரியம்மாவிடம் கேட்டிருந்தார். குடும்பத்தவரை உரைபெயர்க்க வைக்கக்கூடாது என்பதால் என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். அப்போது அது எனக்கு வருத்தமாக இருந்தாலும் இப்போது சரியென்றே நினைக்கிறேன், ஏனென்றால் எங்கள் முன்னால் சொல்லாததைச் சொல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்க வேண்டும். உரைபெயர்ப்பாளர் பெரியம்மாவின் வாய்ச்சொல்லை அப்படியே எழுதி வைத்திருந்தார். “என்னைப் பிரட்டேக்க சொல்லிப்போட்டுப் பிரட்டச் சொல்லு பிள்ளை. திடீரெண்டு பிடிச்சு இழுக்கப் பயமாக் கிடக்கு.” பேச்சற்றவர் என்று எழுதப்பட்டவர் கேட்டது இவ்வளவுதான். இதற்குப் பணமோ மேலதிக ஆளோ தேவைப்படவில்லை.

மூன்று மாதங்கள் கழித்து, எடுத்த முடிவுகளில் எவை நிறைவேறின என்று கேட்டுக் கவுன்சிலுக்கு எழுதினேன். விசாரணை மூடப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. சுகாதாரப் பக்கத்தில் கேட்டபோது, அது கவுன்சிலின் விடயம் என்றார்கள். தர ஆணைக்குழு, தனிநபர் முறைப்பாடுகளைத் தாம் தீர்ப்பதில்லை என்றும் தகவலை அடுத்த பரிசோதனைக்குக் குறித்துக்கொள்வதாகவும் சொன்னது. ஒவ்வொரு பதிலும் சட்டப்படி சரியானதே. ஒரு மேசையில் கூடியவர்கள் மீண்டும் தத்தம் அலுவலகங்களுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்பதே அவற்றின் பொருள். அப்போது சமூகத் தாதியர் தலைவிதான் என்னிடம், “பாதுகாப்புச் சபையின் தலைவருக்கு எழுதிப் பாருங்கள்” என்றார். அப்படி ஒரு சபை இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி சமூகப் பராமரிப்புக்குப் பொறுப்பான ஒவ்வொரு கவுன்சிலும் ஒரு வயதுவந்தோர் பாதுகாப்புச் சபையை அமைத்தே ஆகவேண்டும். கவுன்சில், உள்ளூர் சுகாதார நிதிப்பொறுப்பாளர், பொலிஸ் ஆகிய மூவரும் கட்டாய உறுப்பினர்கள். அந்தச் சுகாதார நிதிப்பொறுப்பாளரின் இடத்தில் 2022 யூலை முதல் ஒருங்கிணைந்த பராமரிப்புச் சபைகள் இருக்கின்றன. இவர்களோடு வைத்தியசாலைகள், தீயணைப்புப் படை, வீடமைப்பு, தன்னார்வ அமைப்புகள் என்று பலர் சேர்க்கப்படுவது வழக்கம். பல சபைகளில் தலைவர் எந்த அலுவலகத்தையும் சேராதவராக இருப்பார். சபை எவருக்கும் கட்டளையிட முடியாது. அது விசாரணை நடத்தும் அலுவலகமும் அன்று. ஆனால் 45ஆம் பிரிவின்கீழ், தன் பணிக்கு வேண்டிய தகவலைக் கேட்டால் கேட்கப்பட்டவர் தரவேண்டும். ஆண்டுதோறும் ஒரு திட்டத்தையும், அதை நிறைவேற்ற ஒவ்வோர் உறுப்பினரும் என்ன செய்தார் என்ற அறிக்கையையும் வெளியிட வேண்டும். 44ஆம் பிரிவின்படி, புறக்கணிப்பாலோ துன்புறுத்தலாலோ ஒருவர் இறந்து, அல்லது கடும் பாதிப்புக்கு உள்ளாகி, அலுவலகங்கள் இணைந்து இயங்கிய விதத்தில் ஐயம் எழுந்தால், சபை ஒரு மீளாய்வு நடத்தியாக வேண்டும். அந்த மீளாய்வில் கண்டவற்றில் ஒன்றை நிறைவேற்றுவதில்லை என்று சபை முடிவெடுத்தால், அதற்கான காரணத்தை ஆண்டறிக்கையில் எழுதவேண்டும். இந்தக் கடைசி வரியை நான் மிகவும் மதிக்கிறேன். ‘மறந்துவிட்டோம்’ என்று சொல்லும் வழியை அது அடைத்துவிடுகிறது.

இந்தச் சட்டம் இப்படி எழுதப்பட்டதன் பின்னால் மனிதர்கள் பட்ட துன்பம் இருக்கிறது. பிரிஸ்டலுக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் வைத்தியசாலையில், கற்றல் குறைபாடுள்ளவர்களைப் பணியாளர்கள் அடித்துத் துன்புறுத்துவதை 2011 மே மாதம் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி மறைகமெராவில் பதிந்து காட்டியது. 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள். ஆறு பேர் சிறை சென்றார்கள். அடுத்த ஆண்டு மார்கரெட் ஃபிளின் எழுதிய மீளாய்வு, 2008 முதல் 2011 வரை அந்த இடத்தைப் பற்றிக் கவுன்சிலுக்கு 40 பாதுகாப்பு அறிவித்தல்கள் போயிருந்ததையும், பொலிஸ் 29 சம்பவங்களை அறிந்திருந்ததையும் வெளிக்கொணர்ந்தது. அங்கிருந்தவர்கள் காயங்களுக்கும் நோய்களுக்குமாக எத்தனையோ முறை அருகிலுள்ள வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்கும் கொண்டுபோகப்பட்டிருந்தார்கள். அங்கே பணிபுரிந்த மூத்த தாதி ஒருவர் நிர்வாகத்துக்கும் ஆணைக்குழுவுக்கும் எழுதியும் பயன் இருக்கவில்லை. எண்கள் எல்லாம் ஏதோ ஓர் ஏட்டில் இருந்தன. அவற்றைக் கூட்டிப் பார்க்கும் கடமை எவருக்கும் இருக்கவில்லை. பெரியம்மாவின் வெண்பலகையை அதனோடு ஒப்பிடுவது மிகை என்று சிலர் நினைக்கலாம். அளவு வேறு, ஆனால் பழுது ஒன்றே என்பது என் துணிபு.

சபைத் தலைவருக்கு நான் எழுதிய கடிதம் ஒன்றரைப் பக்கம். குற்றச்சாட்டு எதையும் எழுதாமல், விசாரணையில் எடுத்த ஆறு முடிவுகளையும் அவற்றுக்குப் பொறுப்பானவர்களையும் குறித்த திகதிகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் இன்றைய நிலை என்ன என்று மட்டும் கேட்டேன். மூன்று வாரங்களில் பதில் வந்தது. ஆறில் இரண்டு நிறைவேறவில்லை என்பதை ஒப்புக்கொண்டதோடு, மூடப்பட்ட விசாரணைகளின் முடிவுகளை ஆறு மாதம் கழித்துச் சரிபார்க்கும் வழக்கம் இதுவரை இல்லை என்றும், இனி அதைத் தர உபகுழு ஏற்கும் என்றும் எழுதியிருந்தார். அந்த உபகுழுவில் சேர விருப்பமா என்றும் கேட்டிருந்தார்.

அங்கே நான் கண்டவற்றுள் மிகவும் பயனுள்ளது, கூட்டுத் தணிக்கை நாள். வருடத்தில் சில முறை, மூடப்பட்ட விசாரணைகளிலிருந்து ஏழெட்டைத் தெரிந்தெடுத்து, பெயர் நீக்கி, ஒவ்வோர் அலுவலகமும் தன் கோப்பை எடுத்துக்கொண்டு வரும். காலையில் தத்தம் கோப்புக்குத் தாமே மதிப்பெண் போடுவார்கள். பிற்பகலில் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து எல்லாரும் சேர்ந்து வாசிப்போம். காலை மதிப்பெண் மாலைவரை நிலைப்பது அரிது. தன் கோப்பில் ‘கவுன்சிலுக்கு அறிவிக்கப்பட்டது’ என்று எழுதி நிறைவடைந்த பொலிஸ் அலுவலர், கவுன்சிலின் கோப்பில் அந்த அறிவித்தல் ‘மேலதிக நடவடிக்கை தேவையில்லை’ என்று மூடப்பட்டிருப்பதை அந்த அறையில்தான் முதன்முதலாக அறிகிறார். ஏன் மூடினீர்கள் என்று அவர் கேட்கும் கேள்விக்கு இருக்கும் வலிமை, என்னைப் போன்ற ஒருவர் கேட்கும் கேள்விக்கு இல்லை. சக அலுவலகத்தின் முன் விளக்கம் சொல்ல நேர்வது ஆட்களைத் திருத்துகிறது. தனிப்பட்டவர்களின் விபரங்களைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் தீயணைப்பு அலுவலர் ஒருவர், புகைபிடிக்கும் முதியவர்களின் மெத்தை விரிப்புகளில் கண்ட கரிந்த துளைகளைப் பற்றித் தொடர்ந்து பேசியதால், எங்கள் பகுதியில் வீட்டுப் பராமரிப்பாளர்களின் படிவத்திலேயே அந்தக் கேள்வி சேர்ந்தது என்பதைச் சொல்லலாம்.

மற்றொன்று, எண்களை வாசிக்கும் முறை. 2022-23இல் இங்கிலாந்து முழுவதும் ஏறத்தாழ 5,88,000 பாதுகாப்பு அறிவித்தல்கள் வந்தன. அவற்றின் விளைவாக 42ஆம் பிரிவின்கீழ் தொடங்கிய விசாரணைகள் ஏறத்தாழ 1,73,000. இந்த விகிதம் கவுன்சிலுக்குக் கவுன்சில் பெரிதும் வேறுபடுகிறது. குறைவான விகிதம் என்றால் கவுன்சில் அலட்சியம் செய்கிறது என்றோ, கூடிய விகிதம் என்றால் அங்கே கொடுமை மிகுந்திருக்கிறது என்றோ எடுத்துக்கொள்ள முடியாது. எதை அறிவித்தலாக எண்ணுகிறார்கள் என்பதே இடத்துக்கு இடம் வேறு. எனவே எண்ணைக் கண்டு மகிழாமலும் பதறாமலும், விசாரணையாகாதவற்றில் இருபதை எடுத்து, அந்த மனிதர்களுக்குப் பின் என்ன நடந்தது என்று பாருங்கள் எனக் கேட்பதையே வழக்கமாக்கிக்கொண்டேன். ஒருமுறை, தமிழ் உட்பட ஆங்கிலமல்லாத மொழி பேசுவோர் பற்றிய அறிவித்தல்கள் எத்தனை என்று கேட்டேன். மொழி என்ற கட்டம் பெரும்பாலான கோப்புகளில் நிரப்பப்படாமல் இருந்தது. பதில் இல்லாததே எங்களுக்குப் பதிலாகிற்று.

இந்த ஏற்பாட்டின் பலவீனங்களையும் மறைக்க விரும்பவில்லை. சபைக்கான பணத்தைத் தருபவர்கள் அதன் உறுப்பினர்களே. அவர்களையே கேள்வி கேட்க வேண்டிய சபை அவர்களின் தயவில் இருப்பது நல்லதன்று. ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறொரு அலுவலரை அனுப்பும் அமைப்பு எதற்கும் பொறுப்பேற்பதில்லை, ஏனென்றால் போன முறை வாக்களித்தவர் இந்த முறை அறையில் இல்லை. 2017 முதல் 2019 வரையிலான 231 மீளாய்வுகளை ஒருசேர ஆராய்ந்த தேசிய ஆய்வு, தகவலைப் பகிராமை, ஒருவர் தானே முடிவெடுக்கும் மனத்திறனைச் சரியாக மதிப்பிடாமை போன்ற அதே குறைகள் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டியது. மீளாய்வை எழுதி வெளியிடுவது வேலையின் பாதிதான். 2022ஆம் ஆண்டின் சுகாதார மற்றும் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் இப்போது கவுன்சில்களின் சமூகப் பராமரிப்புப் பணியையே தர ஆணைக்குழு மதிப்பிடத் தொடங்கியிருக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் வந்து பார்ப்பது நல்லது என்றே எண்ணுகிறேன். ஆயினும், சான்று வாசலில் தொங்கிய இல்லத்தை நான் மறக்கவில்லை.

உறவினர் எவருக்காவது இப்படி நேர்ந்தால், முதலில் ஆபத்தைத் தனியாகவும் முறைப்பாட்டைத் தனியாகவும் எழுதுங்கள். அறிவித்தலைச் செய்ததும், விசாரணைக்குப் பொறுப்பான அலுவலரின் பெயரையும், விசாரிப்பது இல்லமா கவுன்சிலா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். இல்லமே விசாரிக்கிறது என்றால், அதன் அறிக்கையை வேறு எந்தப் பதிவோடு ஒப்பிடுவார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. நீங்கள் போய்வந்த நாட்களையும் நேரங்களையும் ஒரு சிறு கொப்பியில் குறித்து வையுங்கள். அந்தத் தள்ளுகட்டிலின் அருகே நின்ற நேரம் எனக்குச் சாட்சியாக உதவியது. முதியவர் நிலைமையை விளங்கிக்கொள்வதில் கடும் சிரமப்பட்டு, துணைநிற்கத் தகுந்தவர் எவரும் இல்லையென்றால், சட்டத்தின் 68ஆம் பிரிவின்படி அவர் சார்பில் பேசும் சுயாதீனமான ஒரு பரிந்துரையாளரைக் கவுன்சில் ஏற்பாடு செய்யவேண்டும். தொலைவில் இருக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். பராமரிப்புத் திட்டத்தில் தாய்மொழி என்ன என்று எழுதியிருக்கிறதா என்பதை உங்கள் கண்ணால் பாருங்கள்.

விசாரணை முடிந்தால் முடிவுகளும், பொறுப்பானவர்களும், திகதிகளும் உள்ள தாளைக் கேட்டு வாங்காமல் எழும்பாதீர்கள். விசாரணை நடந்த விதத்தில் குறை இருந்தால் முதலில் கவுன்சிலிடம் முறையிட்டு, பதில் திருப்தி தராவிட்டால், முறைப்பாடுகளைச் சுயாதீனமாக ஆராயும் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். விடயம் தெரியவந்த 12 மாதங்களுக்குள் போவது நல்லது. சுகாதார சேவையின் பங்குக்கு வேறோர் ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். ஒருவர் இறந்துபோய், அலுவலகங்கள் சேர்ந்து இயங்காமையே காரணம் என்று எண்ணினால், மீளாய்வு கேட்டுக் குடும்பத்தவரே பாதுகாப்புச் சபைக்கு எழுதலாம். உங்கள் பகுதிச் சபையின் ஆண்டறிக்கையை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். சென்ற ஆண்டு சொன்னதையும் இந்த ஆண்டு சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், எது காணாமல் போயிருக்கிறது என்பது தெரியும்.

பெரியம்மா அந்த இல்லத்திலேயே மேலும் ஒன்றரை ஆண்டு இருந்தார். புண் ஆற ஐந்து மாதங்கள் சென்றன. அவருடைய கட்டிலின் தலைமாட்டில் நான் ஓர் அட்டை ஒட்டியிருந்தேன்; ‘அம்மா, திருப்பப் போறம்’ என்பதை ஆங்கில எழுத்துகளில் எழுதியிருந்தேன். கானாவிலிருந்து வந்த ஒரு பராமரிப்பாளர் அதை முதலில் எழுத்துக்கூட்டி வாசித்தார். பின்னர் பாராமலே சொன்னார். பெரியம்மா ஒவ்வொரு முறையும் “ஓம்” என்று சொல்லிவிட்டு, தானே கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொள்வார்.

எங்கள் உபகுழுவின் நடவடிக்கைப் பட்டியலில் செய்யாதவை சிவப்பிலும், பாதி செய்தவை மஞ்சளிலும், முடிந்தவை பச்சையிலும் இருக்கும். ஒவ்வொரு பராமரிப்புத் திட்டத்திலும் தாய்மொழியைப் பதிந்து, அதை மாதிரி பார்த்து உறுதிசெய்வது என்ற வரி, நான் சேர்ந்த காலத்தில் சிவப்பாக இருந்தது. இப்போது மஞ்சள். எத்தனை திட்டங்களைத் திறந்து பார்த்தீர்கள் என்ற கேள்வியை அடுத்த கூட்டத்துக்காக எழுதி அனுப்பியிருக்கிறேன்.